முன்னால் நடக்கும் கால்

மார்ச் 3

என் நண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, இருமல் நின்றதா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

இவள் போனை விட்டுவிட்டுக் காகிதத்தை ஏன் எடுத்தாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ வெகுநேரம் பேசினாய். நானும் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. போன் கோளாறு என்கிறேன் நான். "கோளாறு போன்ல இல்ல, காதுல" என்கிறார் உன் அத்தான். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் பழுது என்பார்.

இடுப்பு நன்றாக இருக்கிறது. உள்ளே வைத்த பீங்கான் பந்து உடைந்து, அதை எடுத்துவிட்டு வேறு பந்து வைத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அந்த இரண்டாவது ஆபரேஷனில் நான் போய்விட்டுத் திரும்பியது உனக்குத் தெரியும். இனி ஒரு கத்தியும் என்மேல் படக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதுதான். பெயிண்ட் கடைக்கு நடந்தே போகிறேன். பகல் முழுக்க நின்றபடி நிறம் கலக்கிறேன். நேற்று ஒருவர் காய்ந்த இலை ஒன்றைக் கொண்டுவந்து, "இந்தக் கலர்ல ஒரு சுவர் வேணும்" என்றார். கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், சிரிக்காதே. மாடிப்படி ஏறும்போது யாரோ பின்னால் வருகிற மாதிரி இருக்கிறது. திரும்பினால் ஆளில்லை. என்னைவிட அரை அடி தாமதமாக வருகிறாள். பெண்தான், சந்தேகமே இல்லை. ஆம்பளை என்றால் இவ்வளவு பொறுமையாகப் பின்னால் வருவானா?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. தண்ணீர் பரவாயில்லை. நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்டால் எனக்கு அதுவே போதும்.

நான் சிரிக்கவில்லை.

என் வேலையைப் பற்றி இதுவரை சரியாகச் சொன்னதில்லை. இரண்டாம் முறை ஆபரேஷன் செய்து வைக்கிற இடுப்பு மூட்டுகள் எவ்வளவு காலம் தாங்கும், உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் இருக்குமா என்று சோதிக்கிற இடம் இது. ஒரு பெரிய அறையில் ஆறு இயந்திரங்களில் ஆறு மூட்டுகள் வரிசையாக நடந்துகொண்டே இருக்கின்றன. உடம்பு கிடையாது, பாதம் கிடையாது, இடுப்பு மட்டும். உடம்புச் சூட்டில் வைத்த ரத்தத் தெளிநீரில் மூழ்கியபடி நடக்கும். ஒரு மனிதர் வருஷம் முழுக்க நடக்கிற நடையைச் சில நாட்களிலேயே நடந்து தீர்த்துவிடும். கதவைத் திறந்தால் ஒரு கூட்டம் நம்மைக் கடந்து எங்கேயோ போவது போலிருக்கும். முதல் வாரம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

பக்கத்து அறையில், மனிதர்களிடமிருந்து திரும்ப எடுத்த மூட்டுகள் ஜாடிகளில் இருக்கின்றன. அவர்கள் சொன்ன குறைகளை எல்லாம் படிப்பதும் என் வேலைதான்.

சும்மா கேட்கிறேன். டீ குடித்தால் இரும்பு ருசி வருகிறதா? உனக்கு இரண்டாவதாக வைத்த பந்து எதனால் ஆனது? ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கும், அத்தானைப் பார்க்கச் சொல்.

தம்பி

ஏப்ரல் 2

நண்டுக்கு,

இங்கே எங்கள் இருவருக்கும் குறையில்லை. நீ இளைத்துவிட்டாயா? அதை எழுதாமல் ஊர்க்கதை எழுதுகிறாய்.

டீ விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? உன் கடிதம் வரும்வரை டீ டீயாகத்தான் இருந்தது. படித்த மூன்றாம் நாள், வாயில் சாவிக்கொத்தைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு ருசி. டீ, ரொட்டி, பச்சைத் தண்ணீர் எல்லாவற்றிலும் அதே சாவிக்கொத்து. பாத்திரத்தை மாற்றினேன். பால்காரரோடு சண்டை போட்டேன். அந்த மனுஷன் பாவம், பால் விலையையே குறைத்துவிட்டார்.

சின்ன வயதிலேயே உனக்குக் கருநாக்கு என்பார்கள். "இன்னிக்கு மழை வரும்" என்பாய், துணியெல்லாம் நனையும். நாக்கில் இருந்தது இப்போது பேனாவுக்கு இறங்கிவிட்டதா?

பந்து உலோகமாம். காகிதத்தைப் பார்த்து அத்தான் சொன்னார். அதற்கென்ன? பீங்கான் உடைந்தது, இரும்பு உடையாது. நல்லதுதானே?

பின்னால் வருகிறவள் இப்போது படியில் மட்டும் இல்லை, தெருவிலும் வருகிறாள். பஸ், குழந்தைகள், விற்கிறவர்கள் கூவுவது எல்லாம் தூரத்தில் கேட்கிறது. அவள் மட்டும் கிட்டத்தில் கேட்கிறாள்.

அக்கா

ஏப்ரல் 11

அன்பு அக்காவுக்கு,

நான் இளைக்கவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மூன்றாவது இயந்திரத்தில் ஒரு புதுச் சோதனை தொடங்கியிருக்கிறேன். எங்கள் ஆய்வகத் தலைவரிடம் கேட்டு வாங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நிறங்கள் முன்போலவே தெரிகின்றனவா? நீ கலந்ததைக் கடையில் வேறு யாராவது ஒருமுறை பார்த்தால் நல்லது. பாதம் மரத்துப்போகிறதா? பக்கத்தில் எங்காவது ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஊசிதான், கத்தி இல்லை.

தம்பி

மே 6

தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய். கேட்கிறவனுக்கு என்ன குறை.

ஒரு தம்பதி தங்கள் குழந்தையின் அறைக்கு இளம்பச்சை கேட்டார்கள். கலந்து கொடுத்தேன். என் கண்ணுக்கு அது தளிர் மாதிரி இருந்தது. மறுநாள் அந்தப் பெண் டப்பாவோடு வந்து நின்றாள். "அக்கா, இதப் பாருங்க. சுடுகாட்டுச் சாம்பல் மாதிரி இருக்கு" என்றாள். கடையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அது சாம்பல். எனக்கு மட்டும் அப்போதும் பச்சை.

முதலாளி நல்லவர். "கொஞ்ச நாள் கல்லாவுல உக்காருங்கம்மா, கால் வலிக்கும்ல" என்றார். எனக்குக் கால் வலிக்கவில்லை. பாதமே இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, அப்புறம் எங்கே வலிப்பது?

டீயைப் பற்றிக் கேட்டாய், டீ போனது. நிறத்தைப் பற்றிக் கேட்டாய், நிறம் போனது. பாதத்தைப் பற்றிக் கேட்டாய், அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. எதையும் நான் சொல்லி நீ கேட்கவில்லை. நீ கேட்டு, பிறகு எனக்கு வருகிறது. நீ என் கூடப்பிறந்தவன். உன்னைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் இனி ஒன்றும் கேட்காதே.

பின்னால் வருகிறவளைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அத்தானிடம் சொல்லாதே. நான் நின்ற பிறகு அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறாள்.

அக்கா

மே 14

அக்கா,

கோபப்படு, திட்டு, ஆனால் இதற்கு மட்டும் பதில் எழுது. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறதா?

தம்பி

ஜூன் 1

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் வரவில்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. உனக்கு மணிச்சத்தம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது இயந்திரத்தின் நீரை இன்று மாற்றினோம். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஒரு வரி போதும் அக்கா. இருக்கிறேன் என்று எழுது.

தம்பி

ஜூன் 9

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி. போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அக்கா உங்கள் கடிதங்களைப் பிரிப்பதில்லை. கடைசியாக வந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான் பிரிக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். "உள்ள என்ன கேட்டிருக்கானோ, தொறந்தா அது வந்துரும்" என்கிறாள். இப்படி மூடநம்பிக்கை பேசுகிற பெண்பிள்ளை அவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். படுத்தால் மூச்சுத் திணறுகிறது. அதனால் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குகிறாள். நான் கத்திப் பேசினாலும் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். நேற்றுப் பகலில் நான் வேலையிலிருந்து வந்தபோது, சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏன்டி இப்படி நிக்கிற?" என்று கேட்டேன். "சுவர்ல ஒட்டி நின்னா பின்னால வர இடம் இருக்காதுல்ல" என்றாள். கயிறு அறுந்த லிஃப்டுக்குள்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

டாக்டரிடம் கூப்பிட்டேன். "வயசாகுதுன்னு சொல்லுவாங்க, இல்லேன்னா கத்திய எடுப்பாங்க" என்று மறுத்துவிட்டாள்.

உங்களுக்கு என்னமோ தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. தயவுசெய்து கேள்வியே இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். நான் முதலில் படித்துப் பார்க்கிறேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லை என்று அவளிடம் சத்தியம் செய்து கொடுக்கிறேன். அப்போது படிப்பாள்.

அத்தான்

ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

இதில் கேள்வி எதுவும் இல்லை. அத்தான் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

பின்னால் வருகிறவள் யாரும் இல்லை அக்கா. அது உன் மூட்டு. வெளிச்சத்தம் மங்க மங்க, எலும்பு வழியாக வருகிற சத்தம் மட்டும் உனக்குக் கேட்கிறது. பீங்கான் பந்து உடைந்தபோது அதன் தூள் சதைக்குள் தங்கிவிட்டது. எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. அதன்மேல் உலோகப் பந்தை வைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். தேய்ந்த உலோகம், அதில் இருக்கிற கோபால்ட், கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. முதலில் காது, நாக்கு, பிறகு கண், பாதம், கடைசியில் இதயம்.

உனக்கு முன்னால் நான்கு பேருக்கு இது வந்திருக்கிறது. அவர்கள் சொன்ன குறைகளைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கேட்டேன். நான் கேட்டதால் எதுவும் வரவில்லை. அது ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது, எனக்கு அது வருகிற வழி தெரிந்திருந்தது. அவ்வளவுதான். கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிக் கேட்டேன்.

மூன்றாவது இயந்திரத்தில் இருப்பது உன் மூட்டு மாதிரியே ஒரு மூட்டு. அதே அளவு, அதே உலோகம், உள்ளே பீங்கான் தூள். உன் கால் இங்கே உனக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. உனக்கு வரப்போகிற வருஷங்களை அது நடந்து பார்த்துவிட்டது. அந்த நீர் மை மாதிரி கறுத்துவிட்டது. காதை வைத்துக் கேட்டேன். நீ சொன்ன அதே சத்தம், அரை அடி தாமதமாக.

நீ நின்ற பிறகும் அது ஓர் அடி எடுத்து வைப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தேன். அதுவும் ஓர் அடி வைத்தது.

அந்த நால்வரில் பந்தை மாற்றிக்கொண்டவர்கள் தேறினார்கள். ஒருவர் மாட்டேன் என்றார். அவருடைய மூட்டு, அவர் இறந்த பிறகுதான் எங்கள் ஜாடிக்கு வந்தது.

சனிக்கிழமை வந்து வாசலில் நிற்பேன். உள்ளே வந்தும் ஒன்றும் கேட்கமாட்டேன். வண்டியோடு வருகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 20

என் நண்டுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் கையைத்தான் குறை சொல்ல வேண்டும், கண்ணை இல்லை. நீ சுகம்தானே? பார், நானே கேள்வி கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பெயிண்ட் கலக்கிறவளுக்குக் கோபால்ட் தெரியாதா? அடுக்கில் மேல் தட்டில் இருக்கிற விலை கூடிய நீலம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும், "நானே ஒரு டப்பாவா நடந்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் அத்தான்தான் சிரித்தார், அதுவும் அழுகை மாதிரி இருந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும்போது என் பயம் கத்தியைப் பற்றி இல்லை. அவர்கள் பந்தை எடுத்த பிறகும் அவள் வருவாளோ என்றுதான் பயம். உள்ளே சதையெல்லாம் கறுத்துக் கிடந்ததாம். டாக்டர், "இவ்வளவையும் வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்தீங்க?" என்று பலகையில் எழுதிக் காட்டினார்.

இப்போது மறுபடி பீங்கான் பந்து, மிச்சமிருக்கிற தூள் அதைத் தேய்க்காதாம். வாயில் ருசி திரும்புகிறது. மல்லாந்து படுக்கிறேன். இதயம் தேறும் என்கிறார்கள். காது இனி அவ்வளவுதான். மெஷின் வைத்தால் பாதி கேட்கிறது. பச்சை இன்னும் முழுதாக வரவில்லை.

நேற்று முதன்முதலாகத் தாழ்வாரத்தில் தனியாக நடந்தேன். நின்றேன். காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நர்ஸ் வந்து, "ஏம்மா அழறீங்க, வலிக்குதா?" என்று கேட்டாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வேன்.

நீ முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன் என்பதும் உண்மைதான். இரண்டையும் வைத்துக்கொள்.

அக்கா

அக்டோபர் 4

அன்பு அக்காவுக்கு,

நீ எழுந்து நடப்பதை அத்தான் எழுதியிருந்தார். அதைவிட நல்ல செய்தி இந்த வருஷம் வராது. எனக்கும் குறையில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பீங்கான் உடைந்த இடத்தில் உலோகப் பந்து வைத்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று தலைவரிடம் சொன்னேன்.

"நாலு பேர வெச்சு ஊரையே பயமுறுத்தச் சொல்றியா?" என்றார்.

"அஞ்சு பேர் சார்."

"அஞ்சாவது யாரு?"

"எங்க அக்கா."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப அது கணக்குல வராதுப்பா. இங்க வேல பாக்கறவரோட சொந்தக்காரங்கள சேத்தா அறிக்கையே செல்லாம போயிடும்" என்றார். அது விதிதான். உயிரோடு வந்தாய், ஆனால் எங்கள் அறிக்கையில் நீ இல்லை.

மூன்றாவது இயந்திரத்தின் கறுத்த நீரை ஜாடியோடு கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவராகவே எழுந்து இயந்திர அறைக்குப் போனார். கதவருகே ஓரமாக ஒதுங்கி நின்றார், யாருக்கோ வழிவிடுகிற மாதிரி. திரும்பி வந்து அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார்.

இந்த மாதம் முதல் எல்லா ஊர்களிலும் அழைப்பார்கள். உன் ஆஸ்பத்திரியிலும்தான்.

தம்பி

நவம்பர் 17

என் நண்டுக்கு,

நானும் அத்தானும் தெம்பாக இருக்கிறோம். நீயும் அப்படியே இரு.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். உங்கள் அறிவிப்பைப் பார்த்து வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது. என் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. பேச்சுக் கொடுத்தேன். அவளும் கத்தினாள், நானும் கத்தினேன். இரண்டு செவிடிகள் பேசிய ரகசியத்தை அந்தக் கூடமே கேட்டது. பேக்கரிக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறாளாம். "எனக்கு ஒரு கொறையும் இல்ல. கூப்பிட்டாங்களேன்னு வந்தேன்" என்றாள். உள்ளே ஊசியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். குடையை விட்டுவிட்டாள்.

குடையைக் கொடுக்கிற சாக்கில் நேற்று உன் அத்தானோடு போனேன். நல்ல வெயில், உச்சிப்பொழுது. மணியை அடித்தோம், தட்டினோம், ஒன்றும் பலிக்கவில்லை. கதவு தாழிடாமல் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெயில் தரையில் கிடந்தது. அந்த வெயிலில், கூரையில் இருந்த விளக்குகள் எல்லாம் எரிந்தன. மேசை விளக்கு எரிந்தது. சமையலறையில் எரிந்தது, குளியலறையில் எரிந்தது. தையல் மெஷின்மேல் ஒரு டார்ச்சைப் படுக்கவைத்திருந்தாள், அதுவும் எரிந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

எங்கள் அசைவு தெரிந்து தலையைத் தூக்கினாள்.

"யாரு? இருட்டுல நிக்காம முன்னால வாங்க" என்றாள்.

போனேன். குடையைக் கையில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு அடையாளம் கண்டுகொண்டாள். "ஆஸ்பத்திரிக்கார அக்காவா? உக்காருங்க. இந்த வீட்ல கரண்ட்டே சரியா வரமாட்டேங்குது. பல்பு மாத்தி மாத்திப் பாத்துட்டேன். இப்ப வர்றதெல்லாம் போலிங்க" என்றாள்.

உன் அத்தான் என்னைப் பார்த்தார். மின்சாரம் தெரிந்த மனுஷன், தலையை நிமிர்த்தி எரிகிற பல்புகளைப் பார்த்தார்.

நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. டீயைப் பற்றிக் கேட்கவில்லை, பாதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் மூன்று ஆபரேஷன் கதையையும் அவள் காதோடு காதாகக் கத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கை என் கையைப் பிடித்தது. முடிக்கும்போது இறுக்கிப் பிடித்திருந்தாள். "கூட வருவீங்களா?" என்று கேட்டாள்.

"வண்டி கீழதான் நிக்குது" என்றேன்.

"இருங்க, செருப்ப மாட்டிக்கிறேன்" என்று எழுந்தாள். கதவோரம் போய்க் காலால் துழாவினாள். நான் இன்னும் குனியக்கூடாது. உன் அத்தான்தான் மண்டியிட்டு, ஒரு காலில் மாட்டினார், மறு காலிலும் மாட்டி வாரை இழுத்துவிட்டார். எழுந்து நின்றார். நாங்கள் இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

அவள் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா